பழகிய இரும்பு

2019-ஆம் ஆண்டு மே மாதத்தில், பங்குப் பணியிலிருந்து பத்து நாள் விடுப்புப் பெற்றுச் சிங்கப்பூரில் வாழும் எம் தங்கையின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். முதல் நாள் இரவு உணவு பரிமாறிக்கொண்டே, "அண்ணே, அம்மாவோட இரும்புச் சட்டி இப்ப எங்க இருக்கு?" என்று தங்கை கேட்டாள். "வீட்டைக் காலி செய்தபோது யாரோ எடுத்துப் போயிருக்க வேண்டும்" என்று விடை கூறினோம். அது உண்மையன்று.

மறுநாள் மாலை, எமது பங்கு இல்லத்துச் சமையலறைக்குச் சில பாத்திரங்கள் வாங்கலாமென்று தங்கை மகளை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். 1960-இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய அடுக்குமாடி வீடுகளில்தான் அந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் வாழ்கின்றனர். தோ பாயோ வட்டாரத்தில் அத்தகைய கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் அக்கடை இருந்தது. கடையை மலாய் மொழியில் 'கெடாய்' என்பர். நம் சொல்லே கடல் கடந்து அங்குக் குடியேறியிருக்கிறது.

வாயிலில் வாளிகளும் முக்காலிகளும் கோபுரமாய் நின்றன. உள்ளே ஒருவர் நடக்கும் அளவே வழி. கம்பி வலை கட்டிய சீன மண்சட்டிகள், அகன்ற வெட்டுக் கத்திகள், மூங்கிலால் பின்னிய ஆவிக் கூடைகள் என எல்லாம் எளியோர் வாங்கும் விலையில் இருந்தன. நம் இட்டலிப் பானையின் மூடியில் ஆவி குளிர்ந்து நீராய்ச் சொட்டுகிறது. மூங்கில் மூடியோ ஈரத்தை உறிஞ்சி, எஞ்சிய ஆவியை இடுக்குகளின் வழியே வெளியே விட்டுவிடுகிறது. மற்றொரு தட்டில் அரிசி மணி போன்ற ஒளிப்புள்ளிகள் உடைய பீங்கான் கிண்ணங்கள் இருந்தன. ஈரக் களிமண்ணில் சிறு துளைகளை இட்டு, அவற்றைப் பளிங்குப் பூச்சால் நிரப்பிச் சுடுவதால் வெளிச்சம் அவ்வழியே ஊடுருவுகிறது.

அவற்றினருகே கறுத்த வாலும் சிவந்த கொண்டையும் கொண்ட சேவல் தீட்டிய சோற்றுக் கிண்ணங்கள். தென்சீனக் குயவர்களின் கைவண்ணமாகிய இது, புலம்பெயர்ந்தோருடன் தாய்லாந்தின் லம்பாங் நகருக்குச் சென்று, 1950-களில் அங்கும் வேரூன்றியது. கூலித் தொழிலாளரின் கிண்ணம். விலை 2 வெள்ளி. ஒன்றைக் கையிலெடுத்தோம். முந்தைய இரவு பொய்யுரைத்த குருவானவர் ஒருவருக்குச் சேவலைக் கண்டதும் என்ன நினைவு வரும் என்பதை வாசகர்க்கு விளக்க வேண்டியதில்லை.

பின்னர், 'குவாலி' என்று அங்கு வழங்கும் குழிந்த வாணலியைத் தேடினோம். ஒட்டாத பூச்சுடன் பளபளத்தது ஒன்று, 35 வெள்ளி. பூச்சற்ற மெல்லிய எஃகால் ஆனது மற்றொன்று, 18 வெள்ளி. பளபளத்ததை நோக்கி எமது கை நீண்டபோது, கடைக்கார மூதாட்டி தலையசைத்து மறுத்தார். விலை கூடியதை விற்கவே எவரும் விரும்புவர். அவரோ உள்ளே சென்று தாம் சமைக்கும் வாணலியையே எடுத்துவந்து காட்டினார். அது கன்னங்கரேலென்று, எண்ணெய் மினுக்குடன் இருந்தது. அவர் மலாயில் கூறியதைத் தங்கை மகள் தமிழில் சொன்னாள்: "புதுசை முதல்ல சோப்புப் போட்டுக் கழுவணுமாம் மாமா. காயவச்சு எண்ணெய் தடவி, வெங்காயத்தாளும் இஞ்சியும் போட்டுக் கருகக் கருக வதக்கணுமாம். நாளாக நாளாகத்தான் ஒட்டாம வருமாம்."

புதிய தோசைக்கல்லில் வெங்காயத்தைத் தேய்த்துப் பழக்கும் எம் தாயாரின் கைகள் அக்கணம் கண்முன் நின்றன. காய்ந்த இரும்பின்மேல் எண்ணெய் இறுகி மென்படலமாகப் படிகிறது. அப்படலமே ஒட்டாமை தருகிறது. இரு நாட்டுப் பெண்களும் அதனை அடுப்படியிலேயே அறிந்திருக்கின்றனர்.

"துருப்பிடித்துவிட்டால்?" என்று வினவினோம். மூதாட்டி சிரித்தார். "தேய்ச்சுட்டு மறுபடியும் பழக்கணுமாம். இரும்பு சாகாதாம் மாமா" என்றாள் சிறுமி.

எம் தாயார் 2008-இல் இறைவனடி சேர்ந்தார். ஒரு மழைக்காலம் முழுதும் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்தபோது, முப்பது ஆண்டுகள் எங்களுக்குச் சோறிட்ட அந்தச் சட்டி செந்துரு பூத்திருந்தது. இனி உதவாது என்று நாமே தீர்ப்பிட்டோம். தெருவில் வந்த பழைய இரும்பு வியாபாரியிடம் அதனைப் போட்டு, ஒரு கை பேரீச்சம்பழம் பெற்றோம். தங்கையை ஒரு சொல் கேட்கவில்லை.

எஃகு வாணலியையும் சேவல் கிண்ணம் இரண்டையும் வாங்கி, 22 வெள்ளி கொடுத்து மீண்டோம். அன்றிரவே வாணலியைப் பழக்கத் தங்கை முன்வந்தாள். புகை எழுந்து சமையலறையை நிறைத்தது. இரும்பு சாம்பல் நிறத்திலிருந்து நீலமாகி, பின் கறுக்கத் தொடங்கியது. அவள் முகம் பாராமல், வாணலியைப் பார்த்தவாறே நடந்ததைக் கூறினோம்.

அவள் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. வெங்காயத்தாளைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அடுப்பை அணைத்த பின், "பேரீச்சம்பழமாவது நல்லா இருந்துச்சா அண்ணே?" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்பது அந்தப் புகையில் எமக்குத் தெரியவில்லை.

சேவல் கிண்ணம் ஒன்றை அவளிடமே விட்டுவந்தோம். வாணலி எமது பங்கு இல்லத்தில் இருக்கிறது. நாள்தோறும் இரவில் அதனைக் கழுவி, அடுப்பில் காட்டி ஈரம் போக்கி, துளி எண்ணெய் தடவி வைக்கிறோம். இவ்வேலையைச் சமையற்காரரிடம் ஒப்படைப்பதில்லை.