ஒசிரிஸின் ஊரிலே கல்லறைத் திருநாள்

நவம்பர்த் திங்கள் இரண்டாம் நாள் நம் பங்குகளிலெல்லாம் கல்லறைத் தோட்டங்கள் பூக்கோலம் பூண்டு விளங்கும். மெழுகுவர்த்தியின் சிற்றொளியிலே, பிரிந்து சென்ற பெற்றோரையும் உற்றாரையும் நினைந்து நாம் முழந்தாளிட்டுச் செபிக்கும் நாள் அது. சென்ற ஆண்டு அந்நாளில் நாம் நம் ஊரில் இல்லை. எகிப்து நாட்டிலே, நைல் நதியின் மேற்குக் கரையிலே, அபிடோஸ் என்னும் பழம்பதியில் நின்றுகொண்டிருந்தோம்.

வாசகர்களிடம் உண்மையை மறைப்பானேன்? தந்தையாரின் கல்லறையில் நாம் விளக்கேற்றாமற்போனது அந்த ஓர் ஆண்டு மட்டுமன்று. அதற்கு முன்னும் சில ஆண்டுகள் அலுவல் என்றும், தொலைவு என்றும், உடல்நலக் குறைவு என்றும் காரணங்கள் சொல்லிக் கழித்துவிட்டோம். அந்தக் குறை நெஞ்சின் ஒரு மூலையில் முள்ளாய் உறுத்திக்கொண்டேயிருந்தது.

லக்சர் நகரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது அபிடோஸ். விடியுமுன் புறப்பட்டோம். வழிநெடுகக் கரும்பு வயல்கள், கால்வாய்கள், கழுதைமேல் தழைக்கட்டு ஏற்றிச் செல்லும் உழவர்கள். வண்டியோட்டிய இளைஞரின் மணிக்கட்டிலே ஒரு சிறிய சிலுவை பச்சை குத்தப்பட்டிருந்தது. எகிப்தின் தொன்மையான கோப்திய திருச்சபையைச் சேர்ந்தவர் அவர். நாமும் கிறிஸ்தவர் என்று அறிந்ததும், அவர் முகம் மலர்ந்தது.

பல்யானா என்னும் சிற்றூரைக் கடந்து, வயல் முடிந்து பாலை தொடங்கும் எல்லைக்கு வந்தோம். அங்கே ஒரு காலடியில் பசும்பயிர், மறு காலடியில் வெண்மணல். வாழ்வும் சாவும் இவ்வளவு நெருங்கி எதிரெதிரே நிற்பதை வேறெங்கும் நாம் கண்டதில்லை. அந்த எல்லைக் கோட்டிலேதான் ஒசிரிஸ் என்னும் தெய்வத்தைப் பண்டை எகிப்தியர் வழிபட்டனர்.

யார் இந்த ஒசிரிஸ்? அவன் எகிப்தை அறவழியில் ஆண்ட அரசன் என்றும், உழவைக் கற்பித்தவன் என்றும் அவர்களுடைய பழங்கதை கூறும். அவன்மேல் பொறாமை கொண்ட தம்பி சேத், அவனைப் பேழை ஒன்றில் அடைத்து ஆற்றிலே விட்டான். மனைவி ஈசிஸ் தேடியலைந்து உடலை மீட்டாள். சேத் அவ்வுடலையும் கைப்பற்றிப் பதினான்கு துண்டுகளாக்கி நாடெங்கும் வீசினான். ஈசிஸ் மீண்டும் தேடினாள்; கண்டெடுத்தாள்; அடக்கம் செய்தாள். இவ்வாறு இக்கதையை விரிவாக எழுதி வைத்தவர் புளூட்டார்க் என்ற கிரேக்க ஆசிரியர். ஒசிரிஸின் தலை அடக்கமான இடம் அபிடோஸ் என்பது அந்நாட்டவர் நம்பிக்கை.

நம் திருமறையிலே உயிர்த்த ஆண்டவர் சீடரிடையே வந்து நின்றார். அவர்களோடு உணவும் அருந்தினார். ஒசிரிஸோ பூவுலகிற்குத் திரும்பவில்லை. மறைந்தோர் உலகின் அரசனாக அங்கேயே தங்கிவிட்டான். அவன் திருமேனியைப் பச்சை நிறமாகவோ கருநிறமாகவோ தீட்டினார்கள். பச்சை பயிரின் நிறம். கருமை நைல் வெள்ளம் கொணரும் வண்டல் மண்ணின் நிறம். தங்கள் நாட்டையே அவர்கள் "கருநிலம்" என்றுதான் அழைத்தார்கள்.

முதலாம் சேத்தி மன்னன் கி.மு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கி, அவன் மகன் இரண்டாம் ராம்செஸ் முடித்த கோயிலினுள் நுழைந்தோம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே மெல்லிய இருள். சுண்ணாம்புக்கல் சுவர்களிலே செதுக்கிய உருவங்களில் மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் வண்ணம் மங்காதிருப்பது வியப்பே. ஏழு கருவறைகள் வரிசையாக அமைந்துள்ளன. தாழ்வாரம் ஒன்றின் சுவரிலே, சேத்தி தன் முன்னோரான மன்னர் எழுபத்தாறு பெயர்களைப் பொறித்து, இளவரசனான ராம்செஸுடன் வணங்கி நிற்கிறான். அம்மன்னனின் பெயரிலேயே "சேத்" என்னும் கொலையாளித் தெய்வத்தின் பெயர் அடங்கியிருக்கிறது. ஆகவே ஒசிரிஸின் இல்லத்தில் அவ்வுருவைத் தவிர்த்து, வேறு குறியிட்டுத் தன் பெயரை எழுதுவித்தான். துயருற்றோர் வீட்டில் நாவடக்கம் பேணுவதுபோல அவன் காட்டிய அந்த நாகரிகம் நம் மனத்தைத் தொட்டது.

கோயிலின் பின்புறம் ஒசிரியோன் என்னும் நிலத்தடி மண்டபம் உள்ளது. பெரும் கருங்கல் தூண்கள் சூழ, நடுவே ஒரு மேடை, சுற்றிலும் நீர். மண் மூடிக் கிடந்த இதனை 1902-03ஆம் ஆண்டுகளில் பிளிண்டர்ஸ் பெட்ரியும் மார்கரெட் மர்ரேயும் வெளிக்கொணர்ந்தனர்.

அங்கிருந்து பாலைக்குள் சென்றால் உம் எல் காப் என்னுமிடம். "பானைகளின் தாய்" என்பது அதன் பொருள். எகிப்தின் முதல் மன்னர் சிலரை அடக்கம் செய்த அவ்விடத்தில், ஜேர் என்ற மன்னனின் கல்லறையே ஒசிரிஸின் கல்லறை எனப் பிற்காலத்தார் கருதினர். தலைமுறை தலைமுறையாக வந்த பயணிகள் காணிக்கையாய் வைத்துச் சென்ற மட்பாண்டங்களின் ஓடுகள் இன்றும் குன்றுகளாய்க் கிடக்கின்றன. ஏழைகள் எண்ணற்றோரின் வேண்டுதல்கள் அவை!

திருவிழா ஊர்வலம் அவ்வழியே செல்லும். அதனருகே எளியோரும் சிறு கற்பலகைகளை நாட்டித் தங்கள் பெயரைப் பொறித்தார்கள். ஊர்வலம் கடக்கும்போதெல்லாம் தாங்களும் அதில் பங்கு பெறலாம் என்பது அவர்கள் ஆவல். இத்தகைய கற்கள் பல, வழிப்போக்கரை நோக்கி ஒரு விண்ணப்பம் செய்கின்றன. "எமக்குப் பொருள் வேண்டாம், எம் பெயரைச் சொல்லி, எமக்காக ஒரு மன்றாட்டை வாய்விட்டுக் கூறுங்கள்" என்பதே அவற்றின் சாரம். இதனை அறிந்தபோது நாம் பேச்சிழந்தோம். நம் கல்லறைகளிலும், "இவர் ஆன்மாவுக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்றல்லவா எழுதி வைத்திருக்கிறோம்! அதைப் படித்து வேண்ட வேண்டிய மகனே வராமலிருந்தால்?

அவர்களது நம்பிக்கையின்படி, இறந்தவன் இதயம் தராசின் ஒரு தட்டிலும், உண்மையின் இறகு மறு தட்டிலும் வைக்கப்படும். ஒசிரிஸ் தலைமை தாங்க, நாற்பத்திரண்டு நடுவர் முன்னிலையில் அவன் தன் வாழ்வுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். எவரையும் பட்டினி போடவில்லை, எவரையும் அழ வைக்கவில்லை என்பனவும் அக்கணக்கில் அடங்கும். வேத வெளிச்சம் எட்டாத காலத்திலும் மனச்சாட்சி என்னும் விளக்கு மனிதர் உள்ளத்தில் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

திரும்பும் வழியில், வண்டியோட்டும் இளைஞர் வயல்களைக் காட்டி, "ஐயா, எங்கள் உழவர் இன்றும் பழைய மாதக் கணக்கைப் பார்த்துத்தான் விதைப்பார்கள்" என்றார். அம்மாதங்களுள் ஒன்று கியாக். முற்காலத்தில் நைல் வெள்ளம் வடிந்து, விதைப்புத் தொடங்கும் அம்மாதத்தில் ஒசிரிஸின் பெருவிழா நடைபெற்றது. ஒசிரிஸ் உருவில் செய்த அச்சிலே மண்ணிட்டுத் தானியம் விதைத்து, முளைக்கச் செய்வார்கள். 1922இல் கண்டுபிடிக்கப்பட்ட துத்தங்காமன் கல்லறையிலும் அத்தகைய மரச்சட்டம் ஒன்று இருந்தது. இருளில் முளைத்து உலர்ந்த தளிர்கள் அதில் அப்படியே காணப்பட்டன. அஸ்வான் உயர் அணை 1970இல் கட்டி முடிக்கப்பட்ட பின் அந்த வெள்ளம் அடங்கிவிட்டது. ஆனால் கியாக் மாதம் இருக்கிறது.

"அம்மாதம் முழுவதும் இரவு நேரத்தில் எங்கள் ஆலயங்களில் தேவதாயின் புகழைப் பாடுவோம். மாத இறுதியில், சனவரி 7ஆம் நாள், பாலனின் பிறப்பு" என்றார் இளைஞர். பிறகு சற்றுத் தயங்கி, "உங்கள் தந்தையார் இருக்கிறாரா?" என்று கேட்டார்.

"இல்லை" என்றோம். "இன்றுதான் எங்கள் கல்லறைத் திருநாள்."

அவர் வண்டியை வயலோரம் நிறுத்தினார். "பெயரைச் சொல்லுங்கள், ஐயா" என்றார். சொன்னோம். இருவரும் சிலுவை அடையாளம் வரைந்தோம். அவர் கோப்திய மொழியிலும், நாம் தமிழிலுமாக அந்தப் பெயருக்காக வேண்டினோம். எதிரே உழுத கரிய மண் ஈரம் காய்ந்து கிடந்தது.

ஊர் திரும்பிய மறுநாளே கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றோம். தந்தையாரின் சிலுவை ஒருபுறம் சாய்ந்திருந்தது. பெயரெழுத்துகளைப் பாசி மூடியிருந்தது. களை பறித்து, சிலுவையை நிமிர்த்தி, எழுத்துகளைத் துலக்கி, ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினோம். பின்னர் அப்பெயரை உரக்கச் சொன்னோம்.

மண்ணில் விழும் மணியைப் பற்றி நம் ஆண்டவர் கூறியதை நாம் ஆலயத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அபிடோஸின் வயலோரத்திலேதான் அதன் ஈரம் நம் நெஞ்சில் பட்டது. அன்பு வாசகர்களே, உங்கள் பங்கின் கல்லறைத் தோட்டத்திலும் ஒரு பெயர் உங்களுக்காகக் காத்திருக்கலாம். திருநாள் வரட்டும் என்று இருந்துவிடாதீர்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே சென்று பாருங்கள்.