பன்னிரண்டு பென்சில் கோடுகள்

காய்ச்சல் வந்தால் நெற்றியில் துணி நனைத்துப் போடும் யூடிகோலனுக்குப் பெயர் கொடுத்த ஊர் கொலோன். ரைன் நதிக்கரையிலுள்ள இந்த ஜெர்மன் நகருக்கு வருடத்தில் இரண்டு முறை, வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் வந்து இறங்குகிறார் ஐம்பத்தைந்து வயது கணக்காளர் ஒருவர். இரண்டு நாள் பயணத்துக்குக் கொஞ்சம் பெரிய பெட்டி. உள்ளே இரண்டு கவுன், ஒரு பாவாடை, விக், காலுறைகள், குதிகால் உயர்ந்த செருப்பு. அடியில் மடித்து வைத்த ஆண் சட்டை ஒன்று, திரும்பிப் போகும்போது போட்டுக்கொள்ள.

அவர் பெண்ணாக மாற விரும்புகிறவர் அல்ல. ஜெர்மனியில் 2024 நவம்பரில் அமலுக்கு வந்த சட்டப்படி, பதிவு அலுவலகத்தில் அறிவித்தாலே பாலினக் குறிப்பை மாற்றிக்கொள்ளலாம். அவருக்கு அது தேவைப்படவில்லை. பெண் உடையில் ஒரு ஊரில் நடக்க வேண்டும், ஒரு கடையில் உட்கார்ந்து பீர் குடிக்க வேண்டும். ஆசை அவ்வளவுதான். (ஜெர்மன் மொழியில் அவன், அவள் என இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழின் ‘அவர்’ இந்த விஷயத்தில் பெருந்தன்மையானது.)

மனைவிக்குத் தெரியும். கல்யாணமான பதினோராவது வருடம் அலமாரியின் மேல்தட்டிலிருந்த பெட்டியைத் திறந்துவிட்டார். ஒரு வாரம் பேச்சில்லை. அதன்பின் ஒரே நிபந்தனை: நம் ஊரில் வேண்டாம். ஒரு பேக்கரி, ஒரு சர்ச், எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர் அது.

கொலோனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இங்கே கார்னிவல் கொண்டாட்டத்துக்குத் தலைமை தாங்கும் மூவர் இளவரசன், விவசாயி, கன்னி. கன்னியாக வருவது ஆண்தான்; மரபு அப்படி. பெண் வேடத்தில் ஆண் நிற்பதை நாஜிகளால் பொறுக்க முடியவில்லை. 1938, 1939 இரண்டு ஆண்டுகளில் மட்டும் பெண்களைக் கன்னியாக நிறுத்தினார்கள். போருக்குப் பிறகு பழையபடி ஆணே. ஆணின் உடையில் ஆட்சிக்கு என்ன கவலை என்று கேட்கலாம். பெர்லினில் பாலியல் ஆய்வு நிலையம் நடத்திய டாக்டர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் (1931-ல் இந்தியாவுக்கும் வந்து போனவர்) 1910-லேயே இப்படி உடையணிபவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர்கள் தெருவில் கைதாகாமலிருக்க பெர்லின் போலீசார் அனுமதிச் சீட்டுகூடக் கொடுத்தார்கள். 1933 மே மாதம் அந்த நிலையம் சூறையாடப்பட்டது. அதன் புத்தகங்கள் நெருப்புக்குப் போயின.

ஆனால் கணக்காளர் கார்னிவலுக்கு வருவதில்லை. அன்று ஊரே வேஷம் போட்டிருக்கும். அவரும் ஒரு வேஷம் என்றே கை தட்டுவார்கள். கைதட்டல் அவருக்கு வேண்டாம். யாரும் திரும்பிப் பார்க்காத சாதாரண அக்டோபர் சனிக்கிழமைதான் வேண்டும்.

தயாராக இரண்டு மணி நேரம். சவரம் இருமுறை. பழைய நகரத்தின் கல் பாவிய தெருக்களில் உயர்ந்த குதிகால் செருப்பு ஒரு கொடுமை. முதல் பயணத்திலேயே கற்ற பாடம். அதனால் 157 மீட்டர் உயரக் கோபுரங்களோடு நிற்கும் பேராலயத்தைத் தட்டைச் செருப்பிலேயே சுற்றி வருவார். கழிவறையில் எந்தக் கதவு என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. முடிந்தவரை ஓட்டல் அறைக்கே ஓடிவிடுகிறார்.

உடையை மறைக்க விரும்பாதவருக்கு மறைக்க வேண்டியிருப்பது குரல் ஒன்றுதான். கனத்த ஆண் குரல். இந்த ஊரின் பீர் அங்கேதான் கை கொடுக்கிறது. கொல்ஷ் என்று பெயர். கொலோன் வட்டாரத்தில் காய்ச்சினால் மட்டுமே இந்தப் பெயர் வைக்கலாம். 1997 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பு உண்டு. வெளிர் மஞ்சள், லேசான கசப்பு, 200 மில்லி பிடிக்கும் ஒல்லிக் குழல் கண்ணாடி. கேட்க வேண்டியதே இல்லை. கோபெஸ் எனப்படும் பணியாள் நடுவில் பிடி வைத்த வட்டத் தட்டில் கண்ணாடிகளைச் சொருகிக்கொண்டு வருவார். காலியானதை எடுத்து நிறைந்ததை வைப்பார். அட்டையில் பென்சிலால் ஒரு கோடு. போதுமென்றால் அட்டையைக் கண்ணாடியின் மேல் மூடினால் சரி. கோபெஸ்களின் சிடுசிடுப்பு பிரசித்தம். தண்ணீர் கேட்டால் குளிக்கப் போகிறீர்களா என்பார்கள். கணக்காளருக்கு அந்தச் சிடுசிடுப்பு பிடிக்கும். எல்லா மேஜையிலும் காட்டுவதையே அவரிடமும் காட்டுகிறார்கள்.

போன அக்டோபரில் முதல்முறையாக மனைவியும் வந்தார். சனி மாலை வரை அறையில் ஜன்னல் பக்கமே பார்த்தபடி இருந்தவர், கணவர் பச்சை கவுனை மாட்டியதும் திரும்பி, அந்தப் பச்சை நிறத்துக்கு எடுப்பாக இல்லை, நீலத்தைப் போட்டால் என்ன என்றார். இருபத்தாறு வருடத்தில் இந்த விஷயத்தில் மனைவி சொன்ன முதல் அபிப்பிராயம். நீலத்தையே போட்டுக்கொண்டார்.

பீர்க்கடையில் மனைவி, உணவுப் பட்டியலில் விரல் வைத்து ‘பாதிச் சேவல்’ கேட்டார். வந்தது ரை ரொட்டியும் சீஸும். அந்த ஊரில் அதற்கு அதுதான் பெயர். கோழி எங்கே என்று விழித்த மனைவியைப் பார்த்து கோபெஸ், “அம்மணிகள் இருவருமே ஊருக்குப் புதுசா?” என்றார். கணவர் தலையாட்டினாரே தவிர வாய் திறக்கவில்லை. மனைவி மூன்றாவது கண்ணாடியில் அட்டையை மூடினார்.

பில் வந்தது. பென்சில் கோடுகள் பன்னிரண்டு. கணக்காளருக்குப் பதினொன்றுதான் நினைவு. முப்பது வருடம் பிறர் கணக்கைச் சரிபார்த்த மனிதர். தன்னை மறந்து, கடை முழுக்கக் கேட்கும் கட்டைக் குரலில், “பதினொன்று!” என்றார். பக்கத்து மேஜையில் இரண்டு தலைகள் திரும்பின. கோபெஸ் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தார். ஒவ்வொரு கோடாகப் பென்சில் முனையால் தொட்டு எண்ணினார். பன்னிரண்டு. எண்ண முடியாத அளவுக்குக் குடிப்பானேன் என்று முனகிக்கொண்டே கை நீட்டினார். மனைவி கைப்பையைத் திறந்து பணத்தைக் கொடுத்தார், சில்லறை வேண்டாமென்று சொல்லி.