பூட்டு மட்டும் போதுமா?



இறுதியாண்டு புராஜெக்டுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு பால் கணக்கு. கிராமத்தில் ஊற்றுகிற பாலின் லிட்டர் கணக்கை 'ஜாவா மெசேஜ் சர்வீஸ்' மூலம் சர்வருக்கு அனுப்ப வேண்டும். 1998-ல் சன் நிறுவனம் வெளியிட்ட இந்த முறைக்கு இப்போது ஜகார்த்தா மெசேஜிங் என்று பெயர். வாங்குகிற புரோகிராம் தூங்கினாலும் செய்தி சர்வரில் வரிசையில் காத்திருக்கும். அதுதான் இதன் சிறப்பு!

நாங்கள் போட்டது ஓபன் எம்கியூ. அது வழக்கமாக 7676-ம் போர்ட்டில் கேட்கும். லேப் ஃபயர்வாலோ 80, 443 தவிர எதையும் விடாது. வேறு வழி? லேப் சாரிடம் அனுமதி வாங்கி, செய்தியை எச்.டி.டி.பி.எஸ். உறையில் போட்டு 443 வழியாகவே அனுப்பினோம். வெப் சர்வரில் இருக்கும் டனல் சர்வ்லெட் அதை வாங்கி புரோக்கரிடம் சேர்க்கும். வெப் முறையில் கேட்டால்தான் பதில். சர்வர் தானாக வாய் திறக்காது. அதனால் "எனக்கு ஏதாச்சும் வந்திருக்கா?" என்று கிளையன்ட் அடிக்கடி கேட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்சம் தாமதம்தான், பரவாயில்லை.

அடுத்த சிக்கல்: சர்வர் சான்றிதழ் நாங்களே தயாரித்தது. ஜாவா ஏற்க மாட்டேன் என்றது. "எல்லாத்தையும் நம்புன்னு நாலு வரி கோடு போடுடா, முடிஞ்சுது!" என்றான் நண்பன். ஓடும்தான். பூட்டும் இருக்கும். ஆனால் நடுவில் ஒருத்தன் சர்வர் வேஷம் போட்டால், சாவி அவன் கையில் அல்லவா? பத்து லிட்டரை எட்டாக்கினால் நஷ்டம் யாருக்கு? விடியலில் பால் கறந்தவருக்குத்தானே!

எங்கள் ஊர் மண்டகப்பட்டு குகைக் கோயிலை எண்ணிப் பாருங்கள். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு இதைச் செய்வித்தவன் விசித்திரசித்தன் என்கிறது கல்வெட்டு. அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்று எப்படித் தெரிந்தது? அதே பட்டப்பெயர் அவனுடைய வேறு கல்வெட்டுகளிலும் இருப்பதால்தான். பெயர் சொன்னால் மட்டும் போதாது. முன்பே தெரிந்ததோடு ஒத்துப்போக வேண்டும்.

சான்றிதழும் அப்படித்தான். சர்வரிலிருந்து அதன் நகலை பென் டிரைவில் கையோடு எடுத்துவந்து, கீடூல் கட்டளையால் கிளையன்ட்டின் டிரஸ்ட் ஸ்டோரில் சேர்த்தோம். கால் மணி நேர வேலை! செய்தி போய்ச் சேர்ந்தது, சரியான ஆளிடம்.

நண்பர்களே, நாளை நீங்கள் எழுதும் புரோகிராமிலும் யாரோ ஒருவருடைய கூலிக் கணக்கு ஓடும். பூட்டுங்கள், அதோடு கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பது யார் என்றும் கேளுங்கள்!

- கணிப்பொறிப் பிரிவு மாணவன், மூன்றாம் ஆண்டு