சாத்தூரில் நிற்காத கப்பல்

சாத்தூர் வழியாகக் கப்பல் பிரயாணம் என்று நான் ஆரம்பித்தால், "பாவம், இந்த அம்மாளுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது" என்றுதான் நினைப்பீர்கள். நியாயந்தான். சாத்தூரை ஒட்டி வைப்பாறு என்று ஒரு நதி இருக்கிறது. வருஷத்தில் பெரும் பகுதி அதில் தண்ணீருக்குப் பதில் மணல்தான். பிள்ளைகள் காகிதக் கப்பல் விட வேண்டுமானால்கூட ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் காத்திருக்க வேண்டும்.

ஆனாலும் ஒரு காலத்தில், கொழும்புக்குக் கப்பலேறப் போனவர்கள் சாத்தூரைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-ல் ரயில் பாதை போட்டார்கள். சென்னையில் ரயிலேறி, சாத்தூர், கோவில்பட்டி தாண்டி, தூத்துக்குடியில் இறங்கி ஸ்டீமர் பிடிப்பார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகுதான் அந்த மெயில் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பியது.

அந்த ஸ்டீமர்களைப் பற்றி ஒரு வேடிக்கை உண்டு. 1906-ல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார் அல்லவா? அதுவரை கொழும்புக் கடலைத் தன் வீட்டுக் குளம் போல வைத்திருந்த பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குப் பிரயாணிகள் மீது திடீரென்று பாசம் பிறந்துவிட்டது. கட்டணத்தைக் குறைத்தார்கள், பிறகு இலவசமாகவே வாருங்கள் என்றார்கள், போதாததற்கு ஏறுகிறவர்களுக்கு ஆளுக்கொரு குடையும் கொடுத்தார்களாம். 1908-ல் பிள்ளையவர்களைச் சிறையில் அடைத்தாயிற்று. 1911-ல் கம்பெனியும் மூடப்பட்டது. அதற்கப்புறம் யாரும் குடை கொடுத்ததாகக் கதை இல்லை! உபசாரத்தில் எது மனசிலிருந்து வருவது, எது வியாபாரத்துக்காக வருவது என்று எடை போடும் புத்தி நமக்கு அப்போதே வந்திருக்க வேண்டும்.

இதெல்லாம் எதற்கு ஞாபகம் வந்தது என்றால், என் நாத்தனார் ஜெர்மனியில் இருக்கும் பிள்ளையுடன் டான்யூப் நதியில் ஒரு வாரம் கப்பலில் போய்விட்டு வந்திருக்கிறாள். பஸ்ஸௌ என்ற ஊரில் ஏறி, வியன்னா, புடாபெஸ்ட் எல்லாம் பார்த்தாளாம். அரண்மனையைப் பற்றி அவள் பேசியது ஐந்து நிமிஷம். கப்பலில் அறையை எப்படிப் பெருக்கித் துடைத்தார்கள் என்பது இரண்டு மணி நேரம். நம்மில் யார் போயிருந்தாலும் இப்படித்தான்!

ஐரோப்பாவின் நதிக் கப்பல் ஒல்லியாக, நீளமாக இருக்கும். பெரியது 135 மீட்டர் நீளம். அகலமோ 12 மீட்டருக்குள். வழியில் உள்ள மதகுகளில் நுழைந்து வெளிவர வேண்டுமே! 1992-ல் ரைன் நதியையும் டான்யூப்பையும் ஒரு கால்வாயால் இணைத்துவிட்டதால், வட கடலில் புறப்பட்டுக் கருங்கடல் வரை ஆற்றோடேயே போய்விடலாம். பிரயாணிகள் ஏறக்குறைய இருநூறு பேர். பணியாட்கள் ஐம்பது பேர் வரை. காலையில் ஊர் பார்க்க இறங்கினால், திரும்பி வருவதற்குள் அறை சுத்தம். இரவு சாப்பாட்டுக்குப் போன நேரத்தில் இன்னொரு தடவை வந்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, படுக்கையை விரித்து, தலையணை மேல் ஒரு சாக்லெட்டும் வைத்துவிட்டுப் போவார்களாம்.

"செய்தவளை ஒரு நாளாவது கண்ணால் பார்த்தாயா?" என்று கேட்டேன். ஒரே ஒரு நாள், நடைக்கூடத்தில் பார்த்தாளாம். ருமேனியா தேசத்துப் பெண். ஊரில் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, மாதக் கணக்கில் கப்பலோடு இருப்பவள். கடைசி நாளன்று பிரயாணிகள் இனாமை ஓர் உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். அது பரிமாறுகிறவருக்கு மட்டும் போவதில்லை. கீழ்த்தட்டில் துணி வெளுப்பவர், பாத்திரம் துலக்குபவர் வரைக்கும் பங்கு. இது எனக்கு மிகவும் பிடித்தது.

அங்கேயும் வைப்பாறு உண்டு, தெரியுமோ? 2022 கோடையில் டான்யூப் வற்றிப்போய், இரண்டாம் உலக யுத்தத்தில் மூழ்கிய ஜெர்மன் கப்பல்கள் செர்பியாவில் வெளியே தலை நீட்டின. அப்படித் தண்ணீர் குறைகிற காலத்தில், கப்பல் ஓட முடியாத துண்டைப் பஸ்ஸில் கடந்து, அந்தப் பக்கம் நிற்கும் வேறொரு கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள். அதே மாதிரி அறை, அதே இடத்தில் கட்டில். உங்கள் பெட்டி உங்களுக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருக்கும்.

நம் நாட்டிலும் நதிக் கப்பல் இல்லாமல் இல்லை. 2023 ஜனவரியில் 'கங்கா விலாஸ்' என்ற கப்பல் காசியிலிருந்து அஸ்ஸாமிலுள்ள திப்ரூகர் வரை 51 நாள் பிரயாணம் புறப்பட்டது. மொத்தம் 36 பேருக்குத்தான் இடம். கட்டணத்தைக் கேட்டால் நமக்குத் தலை சுற்றும். ஆகையால் அதை விட்டுவிடுவோம்.

தென் சீமைக்காரர்களுக்குக் கப்பல் என்றால் ரயில்தான். அதிலும் இப்போது கப்பல் மாதிரியே ஒன்று வந்திருக்கிறது: வந்தே பாரத். சென்னைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே 2023 செப்டம்பர் 24-ந் தேதி ஓட ஆரம்பித்தது. தானே திறந்து தானே மூடும் கதவு, திறக்காத கண்ணாடி ஜன்னல், இருந்த இடத்துக்கே வரும் சிற்றுண்டித் தட்டு. ஜப்பானில் புல்லட் ரயிலை ஏழே நிமிஷத்தில் துடைத்துவிடுகிறார்கள் என்பதைப் பார்த்து, இங்கே 14 நிமிஷத்தில் முடிக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் ஒரு திட்டம் போட்டார்கள். 14 நிமிஷத்தில் ஒரு ரயிலா! என் வீட்டுக் கூடத்துக்கே அது போதாது.

இரவு ரயில் வேறு ஜாதி. குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு துப்பட்டி, தலையணை, கம்பளி தருகிறார்கள். துப்பட்டியை ஒவ்வொரு பிரயாணத்துக்கும் வெளுக்கிறார்கள். கம்பளியை மாதம் ஒரு முறையாவது வெளுப்பதாக 2024-ல் ரயில்வே மந்திரி பாராளுமன்றத்தில் சொன்னார். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஒரு துப்பட்டியைக் கீழே விரித்து, மற்றொன்றை உடம்புக்கும் கம்பளிக்கும் நடுவே போர்த்திக்கொள்வது உத்தமம். அதைக் கொண்டு வந்து கொடுக்கும் பையன் ராத்திரி எங்கே தூங்குகிறான் என்று பார்த்திருக்கிறீர்களா? கதவோரத்தில், அழுக்குத் துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில். அவனுக்கு உறையும் இல்லை, பங்கும் இல்லை. காண்ட்ராக்டரிடம் வாங்கும் சம்பளம்தான்.

பெருக்கித் துடைப்பதில் நமக்கும் டான்யூப்புக்கும் தூரம் நிறைய. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உபசாரம் என்றால் துடைப்பம் மட்டுந்தானா?

பகல் நேர ரயிலில் சாத்தூருக்கு வந்து பாருங்கள். வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் கம்பி வழியாக ஒரு கை உள்ளே வரும். கையில் வெள்ளரிப் பிஞ்சு. கரிசல் பூமியில் விளைந்த பிஞ்சு. விரல் தடிமன்தான் இருக்கும். நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த் தூளும் தடவி, கண் மூடித் திறப்பதற்குள் கொடுத்துவிடுவார்கள். மடியில் குழந்தை இருந்தால் அதற்கு மட்டும் காரம் தடவாமல் ஒரு துண்டு. யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, சீருடையும் இல்லை. அடுத்த கூடையில் காராச்சேவு. பூண்டும் மிளகாயுமாக மணக்கும் அந்தச் சாத்தூர்ச் சேவைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பேனா முள்ளுக்குப் பெயர் போன ஊர் இது. பால்பாயிண்ட் பேனா வந்து அந்தத் தொழிலைச் சாய்த்துவிட்டது. காமராஜரை 1957-லும் 1962-லும் சட்டசபைக்கு அனுப்பிய ஊர் என்ற பெருமையும் உண்டு. இருந்தாலும் ரயில் ஜன்னலில் உட்கார்ந்திருப்பவருக்குச் சாத்தூர் என்றால் வெள்ளரியும் சேவுந்தான்.

அந்தக் கூடைக்காரி சட்டப்படி குற்றவாளி என்றால் நம்புவீர்களா? அனுமதி இல்லாமல் ரயிலிலோ ரயில்வே எல்லைக்குள்ளோ விற்பது 1989-ஆம் வருஷ ரயில்வே சட்டத்தின் 144-ஆவது பிரிவின்படி குற்றம். ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கலாம். சட்டமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஓடும் வண்டியில் தொற்றி ஏறுவது ஆபத்து. ஈ மொய்த்த பண்டத்தைத் தின்று குழந்தைக்கு வயிற்றுக் கோளாறு வந்தால் யார் பொறுப்பு? ஆனால் இருநூறு ரூபாய்க்குச் சரக்கு வைத்திருப்பவளிடம் 2000 ரூபாய் அபராதம் கேட்டால் அவள் எங்கே போவாள்? ஸ்டேஷன்களில் அந்தந்த ஊர்ப் பண்டத்துக்கு ஒரு கடை என்று 2022-ல் ஒரு திட்டம் கொண்டு வந்திருக்கிறார்கள். நல்ல திட்டந்தான். கடை பிளாட்பாரத்தில் நிற்கும். ஜன்னல் வரைக்கும் நடந்து வருவது கூடைதான்.

வந்தே பாரத் சாத்தூரில் நிற்பதில்லை. மதுரை, விருதுநகர் என்று நின்று, திருநெல்வேலிக்குப் போய்விடுகிறது. பிற்பாடு வந்த நாகர்கோவில் வண்டியும் சாத்தூரைத் தாண்டிக் கோவில்பட்டியில்தான் நிற்கிறது. நின்றாலுந்தான் என்ன? அந்தக் கண்ணாடிக்குள் கை நுழையாதே. குளிர்சாதனப் பெட்டிகள் பெருகப் பெருக, திறக்கும் ஜன்னல்கள் குறைகின்றன. ஒவ்வொரு ஜன்னலும் அவளுக்கு ஒரு வாடிக்கை.

ஆடி மாதத்தில் இருக்கன்குடி மாரியம்மனைத் தரிசிக்க நினைக்கிறவர்கள் சாத்தூரில்தான் இறங்க வேண்டும். இந்தத் தடவை மதுரையிலிருந்து பகல் ரயிலில் வாருங்கள். ஜன்னல் பக்கம் உட்காருங்கள். சில்லறையை முன்கூட்டியே எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். செல்போனில் பணம் அனுப்பலாம் என்று இருக்க வேண்டாம். வண்டி நிற்பது ஓரிரு நிமிஷந்தான்.