திருகோணமலையிலிருந்து கிளம்பிய கப்பல்

எங்க வேலூர் பக்கத்துல மழை பொய்ச்சா பட்டாளம்தான். நாலு ஏக்கர் மானாவாரிய நம்பி மூணு அண்ணன் தம்பி பிழைக்க முடியாது, ஒருத்தன் ஆள் எடுப்புக்குப் போயிடுவான். எங்க கழனிக்கு அடுத்த கழனி மாமாவும் அப்படிப் போனவர்தான். ராணுவத்துல லாரி டிரைவர். அமைதிப்படையோட இலங்கைக்குப் போய், 1990 மார்ச்சுல கப்பல்ல திரும்பினவர்.

1987 ஜூலை 29ல ஒப்பந்தம் ஆச்சு. யாழ்ப்பாணத்துல முதல்ல மாலை போட்டு வரவேற்றாங்க. அக்டோபர்ல புலிகளோடயே சண்டை. மாமாவுக்கு ஸ்டியரிங் பிடிச்சதைவிட மொழிபெயர்ப்புதான் கஷ்டமான வேலை. சோதனைக்குப் போற இடத்துல எல்லாம், "மதராசி, நீ கேளு"ன்னு முன்னாடி தள்ளி விடுவாங்களாம். ஒரு வீட்டுல கிழவி ஒருத்தி, "நீங்கள் தமிழோ தம்பி?"ன்னு கேட்டிருக்கா. அதுக்கு என்ன சொன்னீங்கன்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்ல.

திரும்பி வந்த கதைய மட்டும் நல்லா விவரமா சொல்லுவாரு. தரையிறங்கு கப்பலோட மூக்கு வாய் மாதிரி திறக்கும். லாரிய ரிவர்ஸ்ல உள்ள ஏத்தி, நாலு பக்கமும் சங்கிலி போட்டுக் கட்டணும். அந்தக் கப்பலுக்கு அடி தட்டை. கரை ஓரம் வரைக்கும் வரத்தான் அப்படி. ஆனா நடுக்கடல்ல தொட்டில் மாதிரி ஆடும். வாந்தி எடுக்காத ஆளே இல்லையாம். மார்ச் 24ல கடைசிப் படையும் திருகோணமலைய விட்டுக் கிளம்பிடுச்சு.

சென்னைத் துறைமுகத்துல பேண்டு வாத்தியம் இருந்தது, முதலமைச்சர் கருணாநிதி வரல. தமிழர்களைக் கொன்ன படைய வரவேற்க முடியாதுன்னுட்டார். அன்னிக்கு ஊர்ல பாதிப் பேர் அதைச் சரின்னாங்க. நானும் சரின்னுதான் சொல்வேன். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள்ள நடந்ததை மூடி மறைக்க முடியாது. ஆனா அங்க போன்னு உத்தரவு போட்டவங்க யாரும் அந்தக் கப்பல்ல வாந்தி எடுக்கலையே! திட்டெல்லாம் கடைசியில இறங்கி வந்த டிரைவர் தலையிலதான் விழுந்தது. ஊருக்கு வந்தவர்கிட்ட டீக்கடையில முதல்ல கேட்டதே, "எத்தனை பேரைச் சுட்டே?"ங்கறதுதான். அப்புறம் ரெண்டு வருஷம் அந்தக் கடைப் பக்கமே அவர் போகல. (அந்தக் கடைக்காரர் பின்னாடி அவருக்கே சம்பந்தி ஆனது வேற கதை.)

செத்த நம்ம ஆளுங்க சுமார் 1,200 பேர். அவங்க பேரையெல்லாம் கல்லுல வெட்டி, கொழும்புக்குப் பக்கத்துல நினைவிடம் கட்டியிருக்காங்க. வேண்டாம்னு அனுப்பிவெச்ச நாடே கட்டியிருக்கு பாருங்க. போன மாசம் கடலைக்குத் தண்ணி பாயறப்போ என் செல்போன்ல அந்தப் படத்தைக் காட்டினேன். வரப்புல உட்கார்ந்து, விரலால பெருசு பண்ணிப் பண்ணி ஒவ்வொரு பேரா தேடினாரு. மூணு பேரைக் கண்டுபிடிச்சாரு. அதுல ஒருத்தர் அவர் லாரியில பக்கத்து சீட்டுல உட்கார்ந்து போனவராம்.

மூன்று முறைக்கு மண்டபத்துல மடை மாத்தணும்னு எந்திரிச்சுப் போயிட்டாரு.