வெயில் தாங்கும் வீடு

சித்திரை பிறந்துவிட்டால் ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் தார்சு வீட்டுக்குள் நண்பகலில் அமர்ந்திருப்பது எளிதன்று. பழனி மலைத்தொடரின் மழைமறைவில் கிடக்கும் நம் சமவெளி பாலைவனம் அன்று. முருங்கையும் தக்காளியும் விளைந்து சந்தையை நிரப்பும் பூமி. ஆயினும் வெயிலை எதிர்கொள்ளும் வகையைப் பாலைவனத்தாரிடம் நாம் கேட்டறியலாம்.

எகிப்தின் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தி (1900–1989), 1940களில் லக்சர் நகருக்கு எதிரே, நைல் ஆற்றின் மேற்குக் கரையில், புதிய கூர்னா என்னும் சிற்றூரை மண் செங்கல்லால் எழுப்பத் தொடங்கினார். மரமும் இரும்பும் அரிதாயிருந்த காலம் அது. நூபிய நாட்டுக் கொத்தனார்களோ சென்ட்ரிங் பலகை ஏதுமின்றி, ஒவ்வொரு வரிசையையும் பின்சுவர்மேல் சாய்த்து ஒட்டியே வளைகூரை வேயும் பழங்கலையைக் கைவிடாதிருந்தனர். அவர்களையே அவர் துணைக்கொண்டார். தடித்த சுவர், நிழல் தரும் முற்றம், உயரத்தில் வீசும் காற்றைக் கீழே இறக்கும் கூண்டு ஆகியவற்றை அமைத்தார். பள்ளிக்கூடத்தில் அக்காற்று வரும் வழியில் ஈரக் கரியை வைத்துக் குளிர்வித்தாராம்!

1964இல் கெய்ரோவில் மாதிரி அறைகளைக் கட்டி அளந்து பார்த்தனர். அரை மீட்டர் தடிமனான மண் சுவர் அறையில் ஒரு நாள் முழுவதும் வெப்பம் 2 பாகைக்குமேல் ஏறி இறங்கவில்லை. 10 சென்டிமீட்டர் கான்கிரீட் பலகை அறையிலோ 36 பாகை வரை ஏறிற்று. மண் அறையைவிட 13 பாகை அதிகம்.

இத்துணை நன்மையிருந்தும் கூர்னா மக்கள் குடிவர மறுத்தனர். பழைய ஊரின் பண்டைக் கல்லறைகளைச் சார்ந்தே அவர்கள் பிழைப்பு நடந்தது. குவிமாடமோ அவர்கள் கண்ணுக்குச் சமாதியை நினைவூட்டிற்று. ஊரின் ஒரு பகுதியோடு பணி நின்றது.

இதனைக் கேட்டு நகைப்பதற்கில்லை. ஓட்டு வீடு கட்டவும் ஒருசாரார்க்கு உரிமை மறுக்கப்பட்ட நாடு நம் நாடு. மண் சுவருக்குள் பிறந்து, கடன்பட்டுத் தார்சு போட்டவருக்கு அது வெறும் கூரை அன்று, தலைநிமிர்வு. புதுமனை மந்திரிக்கச் செல்லும்போதெல்லாம் அவர்தம் முகத்தில் நாம் காண்பது அதைத்தான். மின்விசிறியின் கீழிருந்துகொண்டு அவரிடம் மண்ணின் பெருமை பேசுவது யாருக்கும் எளிது.

மேலும், ஐப்பசி மழைக்கு வெறும் மண் தாங்காது. ஆரோவில்லில் மண்ணோடு சிறிதளவு சிமெண்ட் கலந்து அழுத்திய கற்களால் கட்டுகின்றனர். அக்கல் மழைக்கும் நிற்கிறது. இங்கும் வசதியுள்ளவர் ஒருவர் முதலில் அவ்வாறு கட்டிக் குடியேறினால், மண்வீடு என்றால் ஏழைவீடு என்னும் எண்ணம் சற்றே தளரக்கூடும். ஏழையிடம் போய் அதனைத் தொடங்கச் சொல்வது நியாயமாகத் தோன்றவில்லை.

ஏழையோ கைகட்டி நிற்கவில்லை. பலர் தார்சின்மேல் தென்னங்கீற்றுக் கொட்டகை வேய்ந்துவிட்டனர். கோடை இரவுகளில் பாயை விரிப்பதும் அங்கேதான்.