பனிக்கும் மோட்டார் போடுகிறார்கள்

கனடா போய் வந்ததைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். நயாகராவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் பனிச்சறுக்குக்குப் போன கதையைச் சொல்கிறேன்.

டொராண்டோவிலிருந்து வடமேற்கே இரண்டு மணி நேரம் காரில் போனால் காலிங்வுட் என்று ஒரு ஊர். அதை ஒட்டி புளூ மவுண்டன். மலை என்று அவர்கள்தான் சொல்கிறார்கள். அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 720 அடி. நம் கொடைக்கானல் ஏழாயிரம் அடி. நயாகரா அருவி எந்தப் பாறை விளிம்பிலிருந்து விழுகிறதோ, அதே விளிம்புதான் நீண்டு வந்து இங்கே குன்றாக நிற்கிறதாம். ஆனாலும் நன்னிலத்துக்காரிக்கு 720 அடியே மலைதான். எங்கள் பக்கத்தில் உயரமான இடம் என்றால் கோயில் கோபுரம், அதை விட்டால் முடிகொண்டான் ஆற்றங்கரை.

நான் பிராம்ப்டனில் மகள் வீட்டில் இருந்தேன். என் தம்பி மகனும் அங்கேதான் இருக்கிறான். ஊரிலிருந்து தம்பியும் அவன் மனைவியும் வந்திருந்தார்கள். மார்ச் கடைசி வாரம். சீசன் முடியப் போகிறது, கூட்டம் இருக்காது, செலவும் குறையும் என்று தம்பி மகன் கணக்குப் போட்டு எல்லோரையும் கிளப்பினான். "அத்தை, நீங்களும் வாங்க" என்று அவன் கூப்பிட்டதற்கு வேறு காரணம் இருந்தது. நடுவில் ஒரு ஆள் வேண்டும்.

தம்பி வந்து மூன்று வாரம் ஆகியும் அப்பாவும் பிள்ளையும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊரில் இருக்கும் பதினைந்து மா நிலம்தான் காரணம். விற்றுவிட்டு இரண்டு பேரும் கும்பகோணத்தில் ஒரு வீடு பார்த்துக்கொண்டு இருங்கள் என்கிறான் பையன். அவன் சொல்வதில் தப்பில்லை. 2023-இல் நடந்தது உங்களில் டெல்டாக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தார்கள், குறுவைக்கு ஓடியது, அக்டோபரில் அணையில் தண்ணீர் இல்லை என்று மூடிவிட்டார்கள். சம்பாவை போர் தண்ணீரில்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது. தம்பியின் மோட்டார் அந்த வருஷம் இரண்டு தடவை காயில் கருகியது. இரண்டு தடவையும் பணம் கனடாவிலிருந்துதான் போனது. உரம், ஆள் கூலி, அறுப்பு மெஷின் வாடகை எல்லாம் எழுதி, "இந்தக் கணக்குல லாபம் எங்க இருக்குன்னு காட்டுங்கப்பா" என்று கேட்டானாம். தம்பி அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அதிலிருந்து பேச்சில்லை.

காரில் போகும்போதும் அப்படித்தான். வழியெல்லாம் பனி கரைந்து வயல்களில் தண்ணீர் நின்றது. கறுப்பு மண். தம்பி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தான். எங்கள் ஊரில் அது உளுந்து எடுக்கிற நேரம். போகும் வழியெல்லாம் அவனுக்கு அந்த நினைப்புத்தான். தம்பி மனைவி புளியோதரைத் தூக்கைக் காலடியில் வைத்துக்கொண்டு, தூக்குக் கவிழாமல் இருப்பதிலேயே கண்ணாக இருந்தாள்.

மலையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. குன்று முழுவதும் பழுப்பு. சறுக்குகிற பாதைகளில் மட்டும் நீள நீளமாக வெள்ளை, யாரோ பழைய வேட்டிகளை மேலிருந்து கீழே காயப்போட்டது போல.

சறுக்குக் கட்டை வாடகைக்கு எடுக்குமிடத்தில் எடை, உயரம், வயது எல்லாம் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். விழுந்தால் கட்டை காலை விட்டுத் தானே கழன்றுகொள்ள வேண்டும். கழலாவிட்டால் கால் முறியும். எவ்வளவு இறுக்கி வைப்பது என்பதை ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம். பூட்ஸ் என்ன பூட்ஸ், காலுக்குச் சிமெண்ட் பூசியது மாதிரி. நானும் தம்பி மனைவியும் புடவைக்கு மேல் கோட்டு, மங்கி குல்லாய் சகிதம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம்.

அங்கிருந்து நான் பார்த்தது நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பு. 36 வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவளுக்கு வேறு எதில் கண் போகும்? முதல் பாடமே விழுவது. பக்கவாட்டில் எப்படி விழுவது, விழுந்தபின் கட்டையைக் குறுக்கே திருப்பிக்கொண்டு எப்படி எழுவது. அப்புறம்தான் நிற்பது. கட்டைகளின் முனையை ஒட்டி, பின்பக்கத்தை அகட்டினால் வேகம் குறையும்; அதற்குப் பிள்ளைகளிடம் 'பீட்சா' என்று பெயர் சொல்லிவைத்திருக்கிறார்கள். டீச்சர் "பீட்சா, பீட்சா" என்று கத்த, எல்லாம் காலை அகட்டிக்கொண்டு வாத்துக் குஞ்சுகள் போல இறங்குகின்றன. நல்ல டீச்சர். எந்தப் பிள்ளையையும் கையைப் பிடித்துத் தூக்கிவிடவில்லை. எழுகிறவரை பக்கத்தில் நின்றாள்.

காலையில் பனி கண்ணாடி மாதிரி இருந்தது. ராத்திரி உறைவதும் பகலில் உருகுவதுமாக மாறி மாறி நடப்பதால் மணி மணியாகிவிடுகிறது. பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் தம்பி ஒரு கை அள்ளிப் பார்த்து, "யக்கா, குருணை மாதிரி இருக்கு பாரேன்" என்றான். மத்தியானம் அதுவே கூழாகிவிட்டது.

பேரன்தான் தாத்தாவை விடவில்லை. கட்டையை மாட்டி, அரவை மில்லில் பெல்ட்டில் நெல் ஏறுமே, அந்த மாதிரி ஒரு பெல்ட்டில் நிற்கவைத்துச் சின்னச் சரிவுக்கு ஏற்றிவிட்டார்கள். மகன் முன்னால் நின்று, பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டே அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். விழுவான் என்று நான் பிள்ளையாரை வேண்டிக்கொண்டிருந்தேன். விழவில்லை. முழங்காலை மடித்து, உடம்பைத் தாழ்த்தி, கரை வரை வந்து நின்றான்.

"எப்படிப்பா?" என்று ஆச்சரியமாகக் கேட்டான் பையன்.

"பரம்புப் பலகை மேல நிக்கிற மாதிரிதான்டா. மாடு இழுக்கும், நாம நிப்போம். உன்னக்கூட கனத்துக்கு அதுல உக்கார வெச்சு ஓட்டியிருக்கேனே."

"சேறு வாயெல்லாம் அப்பிக்கும்" என்றான் பையன். பேத்தி "என்ன பரம்பு?" என்று கேட்க, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள்.

சாப்பிடும்போது தம்பி சரிவு ஓரமாக வரிசையாக நின்ற குழாய்களைக் காட்டி, அது என்ன என்றான். பனி போடுகிற மெஷின். பக்கத்தில் ஜார்ஜியன் வளைகுடா. அது ஹூரான் ஏரியின் ஒரு பகுதி. அந்தத் தண்ணீரை பம்ப் வைத்து மலைக்கு ஏற்றி, அழுத்தக் காற்றோடு பொடித் துளியாகப் பீய்ச்சுகிறார்கள். காற்று நல்ல குளிராக இருந்தால் துளி கீழே விழுவதற்குள் உறைந்துவிடும். குளிர்காலத்தில் அப்படிப் போட்டுக் கெட்டியாக்கி வைத்ததால்தான், சுற்றிலும் கரைந்த பிறகும் இங்கே மட்டும் வெள்ளை.

"அப்ப வானத்துப் பனி பத்தலையா?"

"வருஷா வருஷம் ஒரே மாதிரி பெய்யறதில்லப்பா."

"மோட்டார் போடுறாங்க."

"ஆமா."

"கரண்டு பில்லு கட்டுப்படியாகுதா?"

"ஆகுற வரைக்கும் ஓட்டுவாங்க. ஆகலேன்னா மூடிடுவாங்க."

தம்பி புளியோதரையைப் பிசைந்துகொண்டே இருந்தான். "மூடிட்டு?"

"நவம்பர், டிசம்பர்ல குளிர் வந்ததும் மறுபடி ஆரம்பிப்பாங்க."

அவ்வளவுதான் பேச்சு. பையன் கொஞ்ச நேரம் அந்தக் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து என் மேல் பாய்ந்திருப்பார்கள்.

திரும்பும்போது, ஓட்டிக்கொண்டே கேட்டான்: "நம்ம போர்ல இப்ப எத்தனை அடியிலப்பா தண்ணி?" தம்பி சொல்ல ஆரம்பித்தவன் பிராம்ப்டன் வரை நிறுத்தவில்லை. எந்த வருஷம் எத்தனை குழாய் இறக்கினது, எந்த மூலையில் உப்புக் கலக்கிறது, எல்லாம். பையன் நடுவில் கேள்வி கேட்டான். கணக்குப் பற்றிய கேள்விகள்தான், ஆனால் கேட்டான்.

தம்பி மே மாதம் ஊர் திரும்பிவிட்டான், மேட்டூர் திறப்பதற்கு முன்னால். ஜூனில் மோட்டார் மறுபடி கருகியது. பணம் வந்தது, கூடவே, காயில் கட்டாதீர்கள், புது மோட்டாராக வாங்குங்கள் என்று ஒரு செய்தியும். நிலத்தை விற்கிற பேச்சு ஓய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பொங்கலுக்குப் பையன் வருகிறான், நேரில் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குத்தாள் இன்னும் தம்பியின் பீரோவில் இருக்கிறது.

தம்பி மனைவிக்கு வேறொரு வருத்தம். பனியில் நின்று எடுத்த ஒரே போட்டோவில் இரண்டு பேரும் மங்கி குல்லாயில் இருக்கிறோமாம், ஸ்டேட்டஸில் வைக்க முடியவில்லையாம். நான் இங்கே போட்டிருக்கிறேன். இடது பக்கம் இருப்பது நான்.